கேட்காமல் பார்த்த எண்

சிவமயம்

பெரிய காஞ்சிபுரம்
9-6-2024

வேணிக்கு,

உன்னோடு இனிமேல் பேசப்போவதில்லை என்று வியாழக்கிழமை போனில் சொல்லிவிட்டு வைத்தேன். சொன்னது சொன்னதுதான். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

உன் மகள் துர்காவின் வளைகாப்புக்குக் காட்பாடி வந்தேன். மறுநாள் காலை காபி குடிப்பதற்குள், "வந்தது வந்தீங்க அண்ணா, அப்படியே சுகர் பாத்துடலாமா" என்றாய். நானும் கையை நீட்டினேன். இருபத்தெட்டு வருஷமாக ஆய்வகத்தில் ஊரார் ரத்தத்தையெல்லாம் பார்க்கிற தங்கை, அண்ணன் ரத்தத்தையும் பார்க்கட்டும் என்று நினைத்தேன். நீ சர்க்கரையோடு நிற்கவில்லை. என்னைக் கேட்காமல், ஆம்பிளைகளுக்கு வருகிற அந்தச் சுரப்பி சமாசாரத்துக்கும் பரிசோதனை போட்டாய். 7.8 என்று ஏதோ எண் வந்ததும் எனக்குச் சொல்லாமல் உன் அண்ணிக்குப் போன் போட்டாய்.

பெரியநாயகி மூன்று நாள் சரியாகப் பேசவில்லை. நான்காம் நாள் சேலையின் உடலோடு கரையை இணைக்கிற கோர்வை போட எனக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவள், கரை இழை ஓட்டும் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். "இன்னாம்மா" என்றேன். "உங்களுக்குக் கேன்சரா இருக்குமாம்" என்றாள். என் உடம்பில் இருப்பதை, தறிக்குழியில் கால் தொங்கவிட்டுக்கொண்டு, நான் என் மனைவி வாயால் கேட்கவேண்டுமா?

அவள் காமாட்சியம்மன் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்தாள். வழியில் யாரிடம் என்ன சொன்னாளோ, அடுத்த வீட்டுத் திருஞானசம்பந்தம் நேற்று என்னை நிறுத்தி, "உடம்பு எப்படி இருக்குது வேலாயுதம்" என்று கேட்கிறான். நாற்பது வருஷத்தில் அவன் என்னைக் கேட்டது பாவு இழையைப் பற்றி மட்டும்தான்.

எனக்கு ஒன்றுமில்லை. அறுபத்திரண்டு வயதில் யாராக இருந்தாலும் நாளுக்கு நாலு தடவை தறியை விட்டு எழுந்து போகத்தான் வேண்டியிருக்கும்.

துர்காவுக்கு என் ஆசீர்வாதம். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை.

வேலாயுதம்


காட்பாடி
14-6-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் எழுதியதில் மறுத்துச் சொல்ல எனக்கு ஒரு வரிகூட இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எங்களுக்குச் சொல்லிவிடுவார்கள். யாருடைய ரத்தமோ அவருக்குத் தெரியாமல் எதையும் பார்க்கக்கூடாது, பார்த்ததை வேறு யாரிடமும் சொல்லக்கூடாது. இரண்டையும் நான் ஒரே வாரத்தில் மீறினேன். திங்கட்கிழமை எங்கள் ஆய்வகத்து டாக்டர் கமலாட்சி மேடத்திடம் நானே போய்ச் சொன்னேன். மெமோ கொடுத்தார்கள். என் வேலைக்காலத்தில் முதல் மெமோ. நியாயம்தான் என்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். உங்கள் மனம் இளகவேண்டும் என்று இதை எழுதவில்லை. நான் செய்தது தப்பென்று நினைப்பது நீங்கள் மட்டும் இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் எண் வந்துவிட்டது அண்ணா. வராதது மாதிரி இருக்க முடியாது. அது என்னவென்று உங்களிடம் நேராகச் சொல்லிவிடுகிறேன். புராஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே ஆண்களுக்கு மட்டும் இருக்கிற சின்னச் சுரப்பி. அது ஒரு புரதத்தைச் சுரக்கிறது, பி.எஸ்.ஏ. என்று பெயர். அதில் கொஞ்சம் எப்போதும் ரத்தத்தில் கசியும். நான்குக்குள் இருந்தால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். உங்களுக்கு அதைத் தாண்டியிருக்கிறது. தாண்டினாலே கேன்சர் என்று அர்த்தமில்லை. வயதாகும்போது சுரப்பி பெரிதாகும், அப்போதும் ஏறும். கிருமி தொற்றினால் ஏறும். சைக்கிள் மிதித்தாலே கொஞ்சம் ஏறும் என்பார்கள். நீங்கள் பக்கத்து ஓரிக்கைக்குப் போவதென்றாலும் சைக்கிளை எடுப்பவர். அண்ணியிடம் நான் "கேன்சர்" என்று சொல்லவில்லை. "கொஞ்சம் கூட இருக்குது அண்ணி, இன்னொரு தடவை பாக்கணும்" என்றேன். மீதியைப் பயம் சேர்த்துக்கொண்டது.

நாளுக்கு எட்டுத் தடவை தறியை விட்டு எழுவது வயதுக்குரிய சமாசாரம் மட்டும்தானா என்று டாக்டர்தான் சொல்லவேண்டும். எனக்குச் சில விவரம் தெரியவேண்டும். நேரில் கேட்டால் நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவீர்கள். எனக்கும் அண்ணனிடம் கேட்க வாய் வராது. தாளில் கேட்கிறேன். சிறுநீர் நின்று நின்று வருகிறதா? போய்விட்டு வந்த பிறகும் மிச்சம் இருப்பது போல் இருக்கிறதா? ரத்தம் கலந்து வந்ததுண்டா? இடுப்பெலும்பில், முதுகில் வலி உண்டா?

ஒரு மாதம் கழித்து, இரண்டு நாள் சைக்கிளைத் தொடாமல் இருந்து, உங்களுக்குப் பிடித்த ஆய்வகத்தில் இன்னொரு தடவை ரத்தம் கொடுங்கள். என்னிடம் வேண்டாம். கேட்காமல் பார்த்தவளிடம் நீங்கள் ஏன் கொடுக்கவேண்டும்?

உங்கள் தங்கை
கமலவேணி


சிவமயம்

பெரிய காஞ்சிபுரம்
10-7-2024

வேணிக்கு,

உன் கடிதத்தைப் பஞ்சாங்கத்துக்குள் செருகி வைத்திருந்தேன். நாள் பார்க்க எடுக்கும்போதெல்லாம் கண்ணில் பட்டது. ஒரு தங்கை அண்ணனைக் கேட்கிற கேள்விகளா இவை! உன் அண்ணி தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து எழுதுகிறேன்.

நின்று நின்றுதான் வருகிறது. மிச்சம் இருப்பது போலவும் இருக்கிறது. ரத்தம் வந்ததில்லை. இடுப்பு வலி இருக்கிறதா என்று தறிக்காரனைக் கேட்கிறாய். எந்தத் தறிக்காரனுக்கு இல்லை? ஆனால் நீ எதை நினைத்துக் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கு இருந்த மாதிரி வலி இல்லை. போதுமா?

மெமோ சமாசாரம் படித்தேன். உன்னை யாரும் திட்டுவது எனக்குப் பிடிக்காது, நான் திட்டுவதைத் தவிர.

பஸ் நிலையத்துப் பக்கம் ஓர் ஆய்வகத்துக்குப் போனேன். நம் தெருக்காரர்கள் அங்கே வரமாட்டார்கள் என்று நினைத்தேன். முன்னால் உட்கார்ந்திருந்த பெண் சீட்டைப் பார்த்துவிட்டு, "அங்கிள், பி.எஸ்.ஏ.தானே? ரெண்டு நாளா சைக்கிள் ஓட்டலியே?" என்று கத்தினாள். எட்டுப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒருவர் நம் நெசவாளர் சங்கத்துப் பழைய செயலாளர். அவரும் அதற்குத்தான் வந்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

முடிவு வந்திருக்கிறது. மொத்தம் 8.1. அதற்குக் கீழே ஃப்ரீ, 12 சதவீதம் என்று போட்டிருக்கிறது. எதை ஃப்ரீயாகக் கொடுக்கிறார்கள் என்று புரியவில்லை. ஆகையால் உன்னைக் கேட்கிறேன்.

இன்னொன்று. நாலு தடவை என்றுதான் நான் எழுதினேன். நீ எட்டு என்று எழுதியிருக்கிறாய். எட்டு உனக்கு எப்படித் தெரியும்?

வேலாயுதம்


காட்பாடி
15-7-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எட்டு என்று யார் சொன்னார்கள் என்பதை நான் சொல்லமாட்டேன். ஒருவர் விஷயத்தை இன்னொருவரிடம் சொல்லித்தான் மெமோ வாங்கியிருக்கிறேன்.

ஃப்ரீ என்பதைப் படித்துச் சிரித்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். நான் சொன்ன அந்தப் புரதம் ரத்தத்துக்குள் வந்ததும் பெரும்பகுதி வேறு புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் தனியே திரிவதைத்தான் ஃப்ரீ என்கிறோம். சுரப்பி வெறுமனே வீங்கியிருந்தால் தனியே திரிகிற பங்கு பெரும்பாலும் அதிகமாக இருக்கும். கேன்சர் இருந்தால் அது குறையும். கால்பங்குக்கு மேல் இருந்தால் நிம்மதியாக இருப்போம். உங்களுக்குப் பன்னிரண்டு. இந்த அளவில் இருக்கிற நூறு பேரில் இருபத்தைந்து, முப்பது பேருக்குக் கேன்சர் இருக்கலாம். எழுபது பேருக்கு இருக்காது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். ஒன்றை மட்டும் படிக்காதீர்கள். சிறுநீரக மருத்துவரைப் பார்க்கவேண்டிய நேரம் வந்துவிட்டது. அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

அப்பாவைப் பற்றி நீங்களே எழுதிவிட்டீர்கள். அதனால் நானும் எழுதுகிறேன். 1996-இல் நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். அப்பாவுக்கு இடுப்பு வலி என்று ரத்தம் எடுத்துப் பார்த்தோம். எங்கள் சின்ன ஆய்வகத்துக்குப் பி.எஸ்.ஏ. அப்போது வரவில்லை. ஆசிட் பாஸ்பட்டேஸ் என்று ஒன்றைப் பார்ப்போம், அதுவும் புரதம்தான். இருக்கவேண்டியதைவிட நாலு மடங்கு இருந்தது. தாளை மடித்து உங்கள் கையில் கொடுத்தேன். நீங்கள் படித்துவிட்டு, "அப்பாகிட்ட சொல்லாத" என்றீர்கள். நான் சொல்லவில்லை. ஏழு மாதம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "வாயுதான்ப்பா, சரியாப் போயிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு உங்களுக்கு முப்பத்து நாலு வயது. எனக்கு இருபத்தைந்து. வேறு என்ன செய்திருப்போம் என்று தெரியவில்லை. ஆனால் உங்கள் எண்ணைக் கருவியில் பார்த்தபோது எனக்கு அந்தத் தாள்தான் ஞாபகம் வந்தது. உங்களிடம் சொல்ல முடியவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அண்ணிக்குப் போன் போட்டேன். காரணம் இதுதான். இது சாக்கு இல்லை.

கமலவேணி


சிவமயம்

பெரிய காஞ்சிபுரம்
25-8-2024

அன்பு வேணிக்கு,

உன் கடிதத்தில் அப்பாவைப் பற்றிய பகுதிக்கு இப்போது பதில் எழுதவில்லை. எழுதுவேன். முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

சென்னையில் ஒரு சிறுநீரக மருத்துவர் இருக்கிறார் என்று சங்கத்துப் பழைய செயலாளர் சொல்லி அனுப்பினார். சொல்லும்போது டாக்டர் பெயர் சுகாசினி என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார், பாவி. கதவைத் திறந்தால் நம் துர்காவைவிடப் பத்து வயது பெரிய பெண். நான் அப்படியே திரும்பினேன். உன் அண்ணி கதவை மறித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் சிரிக்கவில்லை. "ஐயா, உங்களுக்கு எவ்ளோ சங்கடமோ எனக்குத் தெரியும். ஒரு நிமிஷம்தான். வேணாம்னு சொன்னீங்கன்னா உடனே நிறுத்திடுவேன்" என்றார். ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன் சொன்னார், சொல்லிவிட்டுக் கேட்டார். கேட்டதால்தான் சரி என்றேன். உன்னைக் குத்துவதற்காக இதை எழுதவில்லை. கொஞ்சம் குத்தட்டும்.

அப்புறம் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அதில் ஓர் இடம் சந்தேகமாக இருந்தது. பிறகு ஊசியால் பன்னிரண்டு இடத்தில் துளித்துளியாகச் சதை எடுத்தார்கள். வலி பரவாயில்லை. இரண்டு நாள் ரத்தம் வந்தது, பயந்தேன், நின்றுவிட்டது.

வியாழக்கிழமை முடிவு வந்தது. கேன்சர்தான்.

எழுதிவிட்டேன். எழுதினால் எப்படி இருக்குமோ என்று நினைத்திருந்தேன். மற்ற சொல்லைப் போலத்தான் இருக்கிறது.

பன்னிரண்டில் இரண்டு துண்டில் மட்டும் இருக்கிறதாம். மூன்றும் மூன்றும் ஆறு என்று ஒரு கணக்குச் சொன்னார், உனக்குப் புரியும். ஆகக் குறைந்த தரம், மெதுவாகப் போவது, பெரும்பாலும் இடத்தை விட்டு நகராதது என்றார். "இப்போ அறுவை சிகிச்சை செய்யலாம், கதிர்வீச்சு கொடுக்கலாம். ஆனா உங்களுக்கு ரெண்டும் இப்போ தேவைன்னு நான் நினைக்கல. கண்காணிப்புல வெச்சுக்கலாம். எண் ஏறுனாலோ, அடுத்த வருஷம் சதை எடுக்கும்போது தரம் மாறினாலோ அப்போ வைத்தியம் பண்ணலாம். எதுவும் கைமீறிப் போகாது" என்றார். நான் ஒரு நாள் யோசித்தேன். கண்காணிப்பு என்று சொல்லிவிட்டேன்.

நான் அடிக்கடி எழுவதற்குக் காரணம் இந்தக் கேன்சர் இல்லையாம். சுரப்பி தனியாக வீங்கியிருக்கிறது. அதற்கு முதல் தடவை பார்த்தபோதே ஒரு மாத்திரை கொடுத்திருந்தார். பத்து நாளில் எட்டு மூன்றாகிவிட்டது. ஒரே இருப்பில் ஒரு முழம் நெய்கிறேன், வேணி.

எட்டு என்று சொன்னது யார் என்றும் தெரிந்துவிட்டது. டாக்டர் "ஒரு நாளைக்கு எத்தனை தடவை?" என்று கேட்டார். நான் "நாலு" என்றேன். பக்கத்திலிருந்து, "எட்டு டாக்டர், சில நாள் ஒம்போது" என்று பதில் வந்தது. வெளியே வந்து கேட்டேன். "நீங்க எழுந்து போறப்பல்லாம் நான்தானே அந்தப் பக்கம் நாடாவ வெச்சுக்கினு குந்தினு இருக்கேன். எண்ணாம இன்னா பண்றது? நான்தான் வேணிகிட்ட சொல்லி ரத்தத்தப் பாருன்னு கெஞ்சுனேன்" என்றாள். நான் உன்னைத் திட்டிய அன்று அவள் பக்கத்தில்தான் இருந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. இரண்டு பேரும் நல்ல கூட்டு.

வேலாயுதம்


காட்பாடி
30-8-2024

அண்ணனுக்கு,

கேன்சர் என்று தெரிந்த பிறகு அதை உடம்பில் வைத்துக்கொண்டு ஒரு முழம் நெய்தேன், இரண்டு முழம் நெய்தேன் என்று எழுதுகிறீர்களே, எப்படி முடிகிறது? நான் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. சின்னதாக இருக்கும்போதே எடுத்துப் போட்டுவிட்டால் தீர்ந்தது. எதற்குக் காத்திருக்கவேண்டும்? அப்பாவுக்கு அது எலும்புக்குப் போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம்.

வேலூரில் நல்ல அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவரிடம் செப்டம்பர் 12-ஆம் தேதி காலை பத்து மணிக்கு உங்களுக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். கோப்புகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அண்ணியோடு வந்துவிடுங்கள். எங்கள் வீட்டிலேயே தங்கலாம்.

வேணி


சிவமயம்

பெரிய காஞ்சிபுரம்
4-9-2024

அன்பு வேணிக்கு,

மறுபடியும் என்னைக் கேட்காமல்.

இந்தத் தடவை கோபம் வரவில்லை. உன் கையெழுத்து கோணிக்கொண்டு போயிருந்ததைப் பார்த்தேன். நீ பயந்திருக்கிறாய். இத்தனை வருஷம் ஊரார் எண்களைப் பார்த்தவள், அண்ணன் எண்ணைப் பார்த்ததும் தங்கையாகிவிட்டாய். அது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

நான் சும்மா "சரி" என்று சொல்லிவிட்டு வரவில்லை. டாக்டரிடம் அரைமணி நேரம் கேட்டேன். எடுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். பலருக்கு நன்றாகவே ஆகிவிடுமாம். சிலருக்குச் சிறுநீர் அடக்க முடியாமல் போகலாம், இன்னும் ஒன்று ஆகலாம், அதை உனக்கு எழுத முடியாது. தேவைப்பட்டால் அதையும் ஏற்றுக்கொள்வேன். தேவைப்படாதபோது எதற்கு? நூறில் எழுபது பேருக்கு இருக்காது, இரண்டையும் சேர்த்துப் படி என்று எனக்கு எழுதியவள் நீதான். நான் சேர்த்துத்தான் படிக்கிறேன்.

இப்போது அப்பா. அன்று நீ தாளைக் கொடுத்த பிறகு அவரை மாட்டுவண்டி மாதிரி ஆடுகிற ஒரு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்தேன். வாலாஜா தாண்டியதும் என்னைக் கேட்டார், "வேணி இன்னா எழுதிக் குடுத்துச்சு?" நான், "ஒண்ணும் இல்லப்பா, வாயு" என்றேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். ஓச்சேரி வந்தபோது, "அதுக்கா புள்ள கண்ணு கலங்கிக்கினு நின்னுச்சு?" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. அவருக்குத் தெரியும், வேணி. நாம் மறைத்தோம் என்பதும் தெரியும். நமக்காக அவரும் வாயு என்றே சொல்லிக்கொண்டிருந்தார். இதை உன்னிடம் அன்றே சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் நீ உடைந்துவிடுவாய் என்று எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். பார், இதையும் மறைத்திருக்கிறேன்.

அப்பா யாரிடமும் எதையும் கேட்க முடியாமல் போய்ச் சேர்ந்தார். நான் கேட்டேன். பதில் கிடைத்தது. அதனால் எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது.

நீ கவலைப்படாமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பி.எஸ்.ஏ. பார்க்கவேண்டும் என்கிறார் டாக்டர். அவர் எழுதிய சீட்டோடு காட்பாடிக்கே வருகிறேன். நீயே எடு. நீயே பார். எண்ணை முதலில் எனக்குச் சொல்.

வேலாயுதம்


காட்பாடி
11-9-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நாளைய நேரத்தை ரத்து செய்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, பெயர் சொல்லாமல், "இப்படி ஒருத்தருக்கு இருக்குது, இன்னா பண்ணலாம் மேடம்" என்று கமலாட்சி மேடத்திடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அந்த ஒருத்தர் உன் அண்ணன். அவரோட டாக்டர் சொன்னது சரி. நீ போய் முதல்ல சாப்பிடு" என்றார்.

அப்பா பஸ்ஸில் சொன்னதைப் படித்து ரொம்ப நேரம் அழுதேன். வருத்தத்தில் அழவில்லை. இருபத்தெட்டு வருஷம் நான் அவரை ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஏமாறவே இல்லை அவர். இனி நான் உடைந்துவிடுவேன் என்று நீங்கள் நினைக்கும்படி விடமாட்டேன்.

துர்காவுக்கு நேற்றுப் பெண் குழந்தை. இரண்டு கிலோ எண்ணூறு. தாயும் சேயும் நலம். டிசம்பரில் முதல் ரத்தம் கொடுக்க வரும்போது குழந்தையைப் பார்க்கலாம்.

வேணி


சிவமயம்

பெரிய காஞ்சிபுரம்
20-4-2025

அன்பு வேணிக்கு,

பங்குனி உத்திரத்துக்கு நீ வந்துவிட்டுப் போனதிலிருந்து உன் அண்ணி உன் பேச்சாகவே இருக்கிறாள். ஏகாம்பரநாதர் திருக்கல்யாணக் கூட்டத்தில் நீயும் நானும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றபோது, "பேசமாட்டேன்னீங்களே" என்று காதில் கேட்டாய். "கூட்டத்துல பேசறது கணக்கு இல்ல" என்றேன். ஊருக்குப் போகும்வரை இரண்டு நாள் ஓயாமல் பேசினோம். இந்த விஷயத்தை மட்டும் இரண்டு பேரும் தொடவில்லை. அதுவும் சரிதான். இது தாளிலேயே இருக்கட்டும், தாளில்தான் எனக்கு வாய் வருகிறது.

டிசம்பரில் 7.9. மார்ச்சில் 7.7. இரண்டு தடவையும் நான் பேசாமல் கையை மட்டும் நீட்டினேன்; நீ உன் கையால் எழுதி, முதலில் எனக்கே அனுப்பினாய். சீட்டுகளைத் தேதி வரிசையில் வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் மறுபடி சதை எடுத்துப் பார்க்கப்போகிறார்கள்.

ஒன்று உன்னைக் கேட்கவேண்டும். விக்னேஷுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. மகன் ஒரகடம் தொழிற்சாலையில் ஷிப்டு பார்க்கிறான், ஸ்ரீபெரும்புதூரில் வீடு, எதற்கு அவனுக்குக் கவலை என்று விட்டுவிட்டேன். சென்னைக்குப் போனபோதெல்லாம் பட்டுக்கடைக்குப் போவதாகச் சொன்னோம். போன வாரம் வந்திருந்தவன் மாத்திரை டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்தான். "இது இன்னாப்பா?" என்றான். "வாயு" என்றேன். சொன்ன மாத்திரத்தில் எனக்கே தூக்கிவாரிப்போட்டது. அவன் டப்பாவை இருந்த இடத்தில் வைத்துவிட்டான்.

அவனுக்குச் சொல்லப்போகிறேன். நீ சொல்லாதே, உன் அண்ணியும் சொல்லக்கூடாது. என் வாயால் சொல்லவேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. புதன்கிழமை போன் போட்டேன். வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

வேலாயுதம்


காட்பாடி
16-6-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

மறு சதைப் பரிசோதனையில் தரம் மாறவில்லை, அதே இரண்டு துண்டுதான் என்று அண்ணி போன் செய்தார்கள். "உங்கண்ணனக் கேட்டுட்டுத்தான் சொல்றேன்" என்று ஆரம்பித்தார்கள். சிரித்துவிட்டேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் விக்னேஷ் வந்து நின்றான். உள்ளே வந்து உட்காருவதற்கு முன்பே சொன்னான். "அப்பா சொல்லிட்டாரு அத்தை. நாலு நிமிஷந்தான் பேசுனாரு. எல்லா எண்ணையும் தேதியோட சொன்னாரு. மூணும் மூணும் ஆறுன்னாரு. அப்புறம் பாவுல இழை அறுந்துக்கினே இருக்குதுன்னு சொல்லி வெச்சுட்டாரு." நீங்கள் ஒன்றையும் விடாமல் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு படித்தீர்களா?

ஒரு நோட்டில் கேள்வி எழுதிக்கொண்டு வந்திருந்தான். தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் வந்திருக்கிறதே, தனக்கும் வருமா என்றான். கொஞ்சம் வாய்ப்பு அதிகம், ஆனால் இப்போது முப்பத்து மூன்று வயதில் ஒன்றும் பார்க்கவேண்டாம், நாற்பது, நாற்பத்தைந்தில் டாக்டரிடம் பேசி, எதற்கென்று தெரிந்துகொண்டு பார்த்தால் போதும் என்றேன். எழுதிக்கொண்டான். குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டான். பேத்தி அவன் சட்டையில் பாலைக் கக்கிவிட்டாள்.

கிளம்பும்போது வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்டான். "அப்பாவுக்குப் பயமா இருக்குதா அத்தை?" எனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "அவரையே கேளுப்பா" என்றேன். சனிக்கிழமை காஞ்சிபுரம் வருவதாகச் சொன்னான். கேட்பான் அண்ணா. எழுந்து போய்விடாதீர்கள்.

வேணி


சிவமயம்

பெரிய காஞ்சிபுரம்
23-6-2025

அன்பு வேணிக்கு,

தாளில் எழுதி வைத்துத்தான் படித்தேன். உனக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது.

சனிக்கிழமை விக்னேஷ் வந்தான். காலையில் டிபன் சாப்பிட்டான், டி.வி. பார்த்தான், திருஞானசம்பந்தம் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தான். ஒன்றும் கேட்கவில்லை. உன் அண்ணி சமையற்கட்டிலிருந்து என்னைப் பார்ப்பாள், நான் அவளைப் பார்ப்பேன். மதியம் நான் தறியில் உட்கார்ந்தேன். அவள் காய் நறுக்குகிறேன் என்று வராமல் இருந்துகொண்டாள். அவன் வந்து எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கரை நாடாவைக் கையில் எடுத்தான். பத்து வருஷம் கழித்து உட்காருகிறான், இரண்டு தடவை தப்பாகப் போட்டான், பிரித்தோம்.

கொஞ்ச நேரம் போட்டுக்கொண்டிருந்துவிட்டு, என்னைப் பார்க்காமல் நாடாவைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "உனக்குப் பயமா இருக்குதாப்பா?"

எனக்கு எழுந்துவிடலாம் போல்தான் இருந்தது. மாத்திரை சாப்பிடுகிறேனே, எழுந்து போகச் சாக்கும் இல்லை. "எப்பவும் இல்லடா. ரத்தம் குடுத்துட்டு வந்தா எண் வர்ற வரைக்கும் ஒண்ணு ரெண்டு நாள் இருக்குது. அத்தை எண்ணைச் சொன்னதும் போயிடுது. அப்புறம் மூணு மாசத்துக்கு நல்லா இருக்கேன்" என்றேன். உன் அண்ணிக்குக்கூட நான் இதைச் சொன்னதில்லை. காய் நறுக்கும் சத்தம் நின்றுபோனது.

அவன் இரண்டு நாடா போட்டான்.

"அந்த ரெண்டு நாளும் நான் வந்துடறேன்" என்றான்.

சதை எடுத்ததால் ஒரு மாதம் தள்ளி, ஜூலை 14-ஆம் தேதி திங்கட்கிழமை, சீட்டோடு நானும் அவனும் வருகிறோம்.

வேலாயுதம்